செண்டும் செண்டுவெளியும்: தமிழகக் குதிரையேற்றக் கருவிகள் – திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குதிரைமீது அமர்ந்து கோலால் பந்தடித்து ஆடும் போலோ ஆட்டத்தைத் தமிழில் ‘செண்டாட்டம்’ எனக் குறிக்கும் வழக்கு அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. இவ்வாட்டம் பண்டைத் தமிழகத்திலும் இருந்தது என்னும் முடிவு இப்பெயரிலிருந்தே பெறப்படுகிறது. ‘செண்டு’ என்னும் சொல் பந்தையும், குதிரை ஓட்டும் கோலையும், குதிரை பழக்கும் வெளியையும் ஒருங்கே குறிப்பதே இம்முடிவுக்கு அடிப்படை. இலக்கிய உரைகள், ஐயனார் படிமங்கள், அயல்நாட்டார் குறிப்புகள், செஞ்சிக் கோட்டை சார்ந்த வரலாறு, வாய்மொழி மரபு ஆகியவற்றில் காணப்படும் குதிரைக் கருவிகளைப் போலோக் கருவிகளோடு ஒப்பிட்டு, இம்முடிவு எந்த அளவுக்குச் செல்லும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செண்டு, வையாளி, ஐயனார், மத்திகை, கொய்சுவல், அங்கவடி, செஞ்சி, போலோ

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து எத்திசையில் சென்றாலும், மேற்கே செஞ்சிச் சாலையானாலும் தென்கிழக்கே ஓமந்தூர்ப் பக்கமானாலும், ஏரிக்கரையிலோ ஊரெல்லையிலோ ஐயனாரின் குதிரைகளைக் காணாமல் செல்வது அரிது. கடற்கரை மரக்காணம் வரையிலான இந்நிலப்பகுதி சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்டது. சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. பல்லவர் காலப் பலகைக்கல் ஐயனார் முதல் நேற்று வண்ணம் பூசப்பட்ட சிமெண்ட் குதிரை வரை ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுத் தொடர்ச்சி இவ்வட்டாரத்தில் கண்முன் நிற்கிறது. இதே வட்டாரத்தில்தான் தென்னிந்தியக் குதிரைப்படை வரலாற்றின் முதன்மையான களங்களுள் ஒன்றாகிய செஞ்சிக் கோட்டையும் அமைந்துள்ளது. குதிரைக் கருவிகளை ஆராய்வோருக்கு ஒரே வட்டாரத்தில் கல்லும் மண்ணும் கதைப்பாடலும் கோட்டையும் ஒருசேரக் கிடைப்பது எளிதில் வாய்க்காத ஒன்று.

கருவிகள் குறித்த ஆய்வு தமிழில் பெரும்பாலும் போர்க்கருவிகளோடு நின்றுவிடுகிறது. வேலும் வாளும் வில்லும் பெற்ற கவனத்தைக் கடிவாளமும் சேணமும் பெறவில்லை. குதிரையைப் பற்றிய ஆய்வுகளும் இறக்குமதி, விலை, வணிகர் குழு என்ற அளவில் அமைகின்றன. வாங்கிய குதிரையை எதைக் கொண்டு ஓட்டினர் என்ற வினா எழுப்பப்படுவதே குறைவு. அவ்வினாவை எழுப்பினால் முதலில் எதிர்ப்படும் சொல் செண்டு.

செண்டு: ஒரு சொல், பல பொருள்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி செண்டு என்னும் சொல்லுக்குப் பூச்செண்டு, பந்து, ஓர் ஆயுதவகை, குதிரைச் சம்மட்டி, வையாளி வீதி எனப் பல பொருள்களைத் தருகிறது. சம்மட்டி என்பது இங்குக் கொல்லனின் சம்மட்டியன்று. குதிரையை ஓட்டும் சாட்டை என்பதே அதன் பொருள். வையாளி வீதி என்பது குதிரை பழக்கும் வெளி. செண்டுவெளி என்னும் தொடரும் அதே பொருளில் வழங்கியுள்ளது. இன்று பொதுவழக்கில் எஞ்சியிருப்பவை பூச்செண்டும், ‘செண்டாடுதல்’ என்னும் வினையும் மட்டுமே.

அண்டை மொழிகளான கன்னடத்திலும் தெலுங்கிலும் இச்சொல்லின் இன வடிவங்கள் பந்தையே முதன்மையாகக் குறிக்கின்றன. கன்னடத்தில் இன்றும் பந்துக்கு அன்றாட வழக்குச் சொல் செண்டு என்பதே. தமிழிலோ பழைய உரைகளிலும் புராணங்களிலும் செண்டு என்பது கையில் பிடித்து அடிக்கும் பொருளாகவே பெரும்பாலும் தோன்றுகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், கரிகாற் சோழன் காஞ்சிக் காமக்கோட்டத்துச் சாத்தன் கையிலிருந்த செண்டைப் பெற்று மேருமலையைத் திரித்த செய்தியைக் கூறும் பழைய வெண்பா ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உக்கிர பாண்டியன் வேலையும் வளையையும் செண்டையும் இறைவனிடம் பெறுகிறான். அவற்றுள் வேல் கடலுக்கு, வளை இந்திரனுக்கு, செண்டு மேருவுக்கு. இருவேறு அரச மரபுகளின் கதைகளில் ஒரே கருவி ஒரே மலையை அடிக்கப் பயன்படுகிறது. பந்தால் மலையை அடிப்பது என்பது இங்குப் பொருந்தவில்லை. இவ்விடங்களில் செண்டு கோலே.

மன்னார்குடி இராசகோபாலப் பெருமாளுக்குச் ‘செண்டலங்காரர்’ என்னும் பெயர் வழங்குவதும் இங்கு நோக்கத்தக்கது. அவர் கையில் இருப்பது ஆநிரை மேய்ப்பவனின் கோல். அங்குக் குதிரைக்கு இடமே இல்லை. இந்த ஒரு சான்று, செண்டு என்றாலே குதிரைக்கருவி என்று கொள்ளும் விரைவைத் தடுக்கிறது. விலங்கை ஓட்டுவோன் கையிலுள்ள, நுனி வளைந்த கோல் என்பதே இச்சொல்லின் தமிழ்ப் பொருட்பரப்பில் நடுவாக நிற்பதாகத் தெரிகிறது. ஆவோ யானையோ குதிரையோ, எதை ஓட்டுகிறான் என்பது இடத்தைப் பொறுத்தது. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியரே இச்சொல்லின் பொருளை ஏடுகளில் மட்டும் தேடாமல் கோயில் படிமங்களிலும் தேட நேர்ந்தது தற்செயலன்று. சொல் மட்டும் எஞ்சி, பொருள் கைவிட்டுப்போன நிலையில் கல்தான் அகராதியாகிறது.

ஐயனார் கைக் கருவி

விழுப்புரம் மாவட்டத்தில் பல்லவர் காலத்தைச் சார்ந்த ஐயனார் பலகைச் சிற்பங்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, ஒரு கையை முழங்கால்மேல் நீட்டி அமர்ந்த கோலம் இவற்றின் பொது அமைப்பு. மற்றொரு கையில் செண்டு இருக்கும். மேல்நுனி கொக்கிபோல் வளைந்த, தடித்த, குறுகிய கோலாக அது செதுக்கப்படுகிறது. சாட்டையின் நெகிழ்ச்சி அதில் இல்லை. அங்குசத்தின் கூர்முனையும் இல்லை.

இக்கருவியின் அளவே இக்கட்டுரையின் வினாவுக்கு நேரடியான விடையைத் தருகிறது. சிற்பத்தில் ஐயனாரின் உடலளவோடு ஒப்பிட்டால் செண்டு பொதுவாக முன்கையின் நீளத்தைப் பெரிதும் மிஞ்சுவதில்லை. போலோக் கோலோ ஏறத்தாழ 120 முதல் 137 செ.மீ. வரை நீளமுடையது. குதிரையின் முதுகிலிருந்து தரையில் கிடக்கும் பந்தை எட்ட வேண்டும் என்பதால் அதற்குக் குறைந்த நீளம் பயன்படாது. குதிரை உயரமானால் கோலும் நீளும். முன்கை அளவுள்ள கோலால் குதிரைமேலிருந்து பந்தடிப்பது உடலமைப்பால் இயலாத செயல். சிற்பி இடம் கருதிக் கோலைக் குறுக்கியிருக்கலாம் என்று மறுக்கலாம். ஆனால் தனிப்பலகையில் இடநெருக்கடி இல்லாத இடத்திலும் அது குறுகியே காணப்படுவதால் அம்மறுப்பு வலுவுடையதாகத் தோன்றவில்லை.

மேலும், ஐயனாரின் ஊர்தியாக யானை கூறப்படும் மரபும் உண்டு. குதிரையோடு அவர் இன்று இரண்டறக் கலந்திருப்பினும் அவர் கைச்செண்டைக் குதிரையிலிருந்து மட்டும் விளக்குவது போதாது.

வையாளி: ஆட்டமா, பயிற்சியா?

கோலைப் பற்றிய முடிவு எதிர்மறையாயினும் வெளியைப் பற்றிய செய்தி வேறு. வையாளி என்னும் சொல் வடமொழி ‘வாஹ்யாளி’ என்பதன் தமிழ் வடிவம். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் அரசனின் பொழுதுபோக்குகளை விரிக்கும் நூல். அதில் குதிரை வாஹ்யாளி ஒரு தனிப்பகுதி. சமப்படுத்திய வெளி, தோரண வாயில்கள், இரு அணிகள், நுனி வளைந்த கோல், தோல் போர்த்த மரப்பந்து என அந்நூல் கூறும் அனைத்தும் போலோ வகை ஆட்டத்தையே காட்டுகின்றன. பாரசீகச் ‘சௌகான்’ ஆட்டத்தின் தாக்கம் இதில் உண்டா என்பது வேறு வினா. 12ஆம் நூற்றாண்டுத் தக்காணத்தில் அரசவைக்குள் இவ்வாட்டம் வந்துவிட்டது என்பது மட்டும் உறுதி.

ஆகவே கன்னடப் பகுதியில் செண்டு பந்தாகவும், வாஹ்யாளி பந்தாடும் வெளியாகவும் இருந்தன. தமிழில் செண்டுவெளி என்னும் தொடர் அங்கிருந்து வந்த ஆட்டத்தின் எச்சமா? அவ்வாறு கருத இடமுண்டு. ஆட்டத்தின் பெயர் கருவிக்கும் களத்துக்கும் பரவுவது உலகெங்கும் காணப்படுவதே. பாரசீகத்தில் சௌகான் என்பது முதலில் கோல். பின்னர் அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. போலோ என்னும் பெயர் பால்டி மொழியில் பந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மணிப்பூரின் ‘சகோல் காங்ஜெய்’ என்னும் பெயரோ குதிரை, பந்து, கோல் ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் அடக்கியுள்ளது. செண்டு என்னும் சொல் பந்து, கோல், வெளி என மூன்றையும் குறிப்பதை இவற்றோடு சேர்த்து எண்ணும்போது போலோ விளக்கம் கவர்ச்சியாகத்தான் உள்ளது.

ஆயினும் கவர்ச்சி சான்றாகாது. தமிழ் நூல்களில் வையாளி வருமிடங்களில் பேசப்படுவது குதிரையின் நடை, சுழற்சி, விரைவு, ஊர்வோனின் திறன் ஆகியவையே. திருவரங்கக் கோயில் விழாக்களில் பெருமாள் குதிரை ஊர்தியில் எழுந்தருளும்போது நிகழும் ‘வையாளி’ இதற்கு இன்றும் நிற்கும் சான்று. தாங்குவோர் முன்னும் பின்னும் விரைந்தோடி, திரும்பி, நின்று, மீண்டும் பாய்ந்து குதிரையின் கதிகளை நடித்துக் காட்டுகின்றனர். அங்குப் பந்தும் இல்லை, எதிரணியும் இல்லை. தமிழகத்தில் வையாளி என்பது குதிரைப் பயிற்சியாகவும் அணிவகுப்பாகவும் நிலைபெற்றது என்றும், செண்டு என்னும் சொல் பந்துப்பொருளில் அண்டை வழக்கிலிருந்தும் கோற்பொருளில் தமிழ் வழக்கிலிருந்தும் வந்து ஒன்றில் கலந்தது என்றும் கொள்வதே கிடைக்கும் சான்றுகளுக்கு நெருக்கமானது.

குதிரையின் உடலில்

சங்க இலக்கியத்தில் குதிரையைக் கட்டுப்படுத்தும் வார் ‘வள்பு’ எனப்படுகிறது. அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் தலைவனின் தேர்க்குதிரையை வருணிக்கும்போது, இழுத்துப் பிடித்த வள்பின் ஒலியை யாழ் நரம்பின் ஒலியோடு ஒப்பிடுகிறார். விறைப்பாக இழுபட்ட தோல்வாருக்கே அவ்வொலி எழும். வாரை எவ்வளவு இறுக்கிப் பிடித்து ஓட்டினர் என்பதை இவ்வுவமை தொழில்நுட்பக் குறிப்புபோல் சொல்லிவிடுகிறது. அதே பாடலில் தேரின் மணிகள் ஒலித்து வண்டுகளைக் கலைக்காதவாறு மணிநாக்குகள் கட்டப்படுகின்றன. காதலின் மென்மையைக் காட்டவந்த செய்தி, குதிரைத்தேரில் மணி ஒரு நிலையான உறுப்பு என்பதையும் காட்டுகிறது.

அதே பாடலில் வரும் ‘கொய்சுவல்’ என்னும் அடைமொழி போலோவோடு ஒப்பிடத்தக்க மிகச் சிறந்த செய்தி. சுவல் என்பது குதிரையின் பிடரி. கொய்சுவல் என்றால் மயிர் கத்தரிக்கப்பட்ட பிடரி. இன்றைய போலோக் குதிரையின் பிடரிமயிர் முழுவதும் மழிக்கப்படுகிறது. வாலும் பின்னி மடித்துக் கட்டப்படுகிறது. கடிவாள வாரிலும் கோலிலும் மயிர் சிக்காதிருக்கவே இவ்வேற்பாடு. சங்கக் குதிரை கோலேந்தி ஆடியதன்று. வள்பு சிக்காதிருத்தல் என்னும் தேவை மட்டும் இரண்டுக்கும் பொது. ஒரே தேவை இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே தீர்வைத் தந்திருக்கிறது. ஒப்புமையிலிருந்து உறவைப் பெறுவோர் நின்று எண்ண வேண்டிய இடம் இது.

சாட்டைக்கான பழஞ்சொற்களுள் ‘மத்திகை’ தனித்து நிற்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனரின் உடையை வருணிக்குமிடத்தில் இச்சொல் வருகிறது. கிரேக்க மொழியில் சாட்டையைக் குறிக்கும் ‘மாஸ்டிக்ஸ்’ என்பதோடு இதற்குள்ள ஒலியொப்புமையை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். சொல் வரும் இடமே யவனரைப் பற்றியதாக இருப்பது அக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. குதிரையோடு கருவியும், கருவியோடு பெயரும் வந்திறங்குவது இயல்பே.

இடைக்காலத்தில் சேணத்தைக் குறிக்கப் பக்கரை, கல்லணை முதலிய சொற்களும், காலூன்றும் வளையத்தைக் குறிக்க அங்கவடியும் வழங்கின. பக்கரை என்பது குதிரைக் கவசத்தைக் குறிக்கும் பிராகிருதச் சொல்லோடு தொடர்புடையது. போர்க் கவசமாக வந்த சொல் இருக்கையாகவும் மாறியிருக்கிறது.

அங்கவடியின் வரலாறு சிக்கலானது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த சாஞ்சிச் சிற்பங்களில் குதிரை வீரனின் கால் விரலைத் தாங்கும் எளிய வளையம் காணப்படுகிறது. எனினும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மாபாரில் இறக்கப்பட்ட குதிரைகளைப் பற்றி எழுதுகையில், அவற்றை நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பின்பு முறையான பயிற்சியும் அங்கவடியும் பிற கருவிகளும் இன்றி வீரர்கள் பேய்கள்போல் ஏறிச் செலுத்தினர் என்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள் ஒரு வணிகர் வழியாக மட்டும் வந்தன என்பதும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்பதும் அவர் தரும் கணக்கு. மார்க்கோ போலோவும் பாண்டிய நாட்டில் குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவை மாள்வதாக எழுதினார்.

இவ்விரு குறிப்புகளையும் அப்படியே ஏற்பது பொருந்தாது. விற்பவர் தரப்புக்கு நெருக்கமான எழுத்து அவை. வாங்குவோர் அறியாமையால் குதிரைகள் மாள்கின்றன என்பது வணிகத்துக்கு உகந்த கதையும்கூட. தஞ்சைக் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் தனிப்படையாகவே குறிக்கப்படுகின்றனர். மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளும் சோழர் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். முந்நூறு ஆண்டு குதிரைப்படை வைத்திருந்த நாடு, குதிரைமேல் அமரக் கருவியின்றி இருந்தது என்பது நம்பத்தக்கதன்று. ஆனால் அவர்கள் கண்ட கருவி பாரசீகக் கருவியிலிருந்து வேறுபட்டு, எளிமையாக, துணியும் கயிறுமாக இருந்திருக்கலாம். ‘கருவியே இல்லை’ என்று அயலார் எழுதியது ‘எம் கருவி இல்லை’ என்பதாகவும் இருக்கக்கூடும்.

16ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது ஐயத்துக்கு இடமில்லை. திருவரங்கம் சேஷகிரிராயர் மண்டபத்திலும் வேலூர்ச் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் பாய்ந்தெழும் குதிரைகளின் கடிவாளம், மார்புவார், சேணம் முதலிய அணிகள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. வார்களின் முடிச்சுகளைக்கூட எண்ணிவிடலாம். சிற்பி குதிரைக் கொட்டிலை நேரில் கண்டவன் என்பதில் ஐயமில்லை.

செஞ்சி: படையும் பாட்டும்

நாயக்கர், பீசப்பூர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறி மாறி வந்த செஞ்சிக் கோட்டை 2025இல் மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1677இல் சிவாசி இதனைக் கைப்பற்றினார். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. இக்கோட்டையின் வரலாற்றை விரிவாக எழுதிய சி.எஸ்.சீனிவாசாச்சாரியின் நூல் 1943இல் வெளிவந்தது. கோட்டைக்குள் கல்யாண மகாலை அடுத்து நிற்கும் குதிரை லாயங்கள் வரிசை வரிசையான வளைவறைகளாக அமைந்தவை. சுற்றுலா வருவோர் கல்யாண மகாலின் கூர்நுனிக் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டு இவற்றைக் கடந்து சென்றுவிடுகின்றனர். படை வரலாற்றுக்கு இவையே முதன்மைச் சான்று.

இந்நூற்றாண்டுகளில் குதிரைக் கருவிகளின் பெயர்களிலும் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. லகான், சவுக்கு, சவாரி ஆகியவை பாரசீகச் சொற்கள் இந்துசுதானி வழியாகத் தமிழில் நிலைத்தவை. மத்திகை மறைந்து சவுக்கு வந்தது. வள்பு எப்போதோ மறைந்துவிட்டது. கடிவாளம் மட்டும் லகானோடு இணையாக நின்றுவிட்டது. குதிரை வீரனைக் குறிக்கும் ‘ராவுத்தன்’ என்னும் சொல் இதற்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டிலேயே, அருணகிரிநாதர் முருகனை விளிக்கும் அளவுக்குத் தமிழாகிவிட்டது. மயிலேறும் கடவுளுக்குக் குதிரை வீரனின் பட்டம் கிடைத்ததைக் குதிரைப்படைக்கு மக்கள் மனத்திலிருந்த மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளலாம்.

செஞ்சி வட்டாரத் திரௌபதி அம்மன் வழிபாட்டில் காவல் தெய்வமாக நிற்கும் முத்தால் ராவுத்தர் இம்மரபின் மற்றொரு முகம். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வு இத்தெய்வத்தை விரிவாகப் பேசுகிறது. இசுலாமியக் குதிரை வீரராகக் கருதப்படும் அவருக்குரிய படையலில் அவர் குதிரைக்கான கொள்ளும் இடம்பெறுகிறது. வீரன் தெய்வமானபோது அவன் குதிரையின் தீனியும் வழிபாட்டுப் பொருளாயிற்று.

தேசிங்கு என மக்கள் அழைக்கும் புந்தேல இளைஞர் தேஜ்சிங், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது 1714 அக்டோபர் 3ஆம் நாள் மாண்டார். அவருடைய ஆட்சி ஓராண்டைக்கூட எட்டவில்லை. ஆனால் தேசிங்குராசன் கதை நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. எவரும் ஏற இயலாத தில்லிக் குதிரையாகிய பாராசாரியை அடக்குவதே அக்கதையின் தொடக்க வெற்றி. நாட்டை வெல்வதற்கு முன் குதிரையை வெல்கிறான் தலைவன். குதிரைக்குச் சேணமிட்டு அணிபூட்டும் பகுதி இத்தகைய கதைப்பாடல்களின் வாய்பாட்டு உறுப்பு. அவ்வாய்பாடுகளைத் தொகுத்தால் 18, 19ஆம் நூற்றாண்டு மக்கள் வழக்கிலிருந்த குதிரைக் கருவிப் பெயர்களின் அகராதியே உருவாகும். அப்பணி இன்னும் செய்யப்பட வேண்டியதாகவே உள்ளது.

போலோக் கருவிகளோடு ஒப்பீடு

இன்றைய போலோ மணிப்பூரிலிருந்து உலகுக்குச் சென்றது. 1859இல் சில்சாரில் தேயிலைத் தோட்டக்காரரும் படை அதிகாரிகளும் அமைத்த சங்கமும், 1862இல் தொடங்கிய கல்கத்தா போலோ சங்கமும் இதன் தொடக்கப் படிகள். மணிப்பூர் ஆட்டத்தில் அணிக்கு எழுவர், இலக்குக் கம்பம் இல்லை, மூங்கில் வேரில் செய்த பந்து, குள்ளமான உள்ளூர்க் குதிரை. உலகப் போலோவில் அணிக்கு நால்வர், ஏறத்தாழ 274 மீட்டர் நீளமும் 146 மீட்டர் அகலமும் கொண்ட களம், நெகிழிப் பந்து.

கருவிகளின் வேறுபாடு செயல் வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. போலோ வீரனின் இடக்கையில் கடிவாள வார்கள் அனைத்தும் இருக்கும். வலக்கை கோலுக்கு. ஒரு கையாலேயே குதிரையை நிறுத்தவும் திருப்பவும் வேண்டியிருப்பதால் கடிவாளம் இரட்டை வாருடையதாக அமைகிறது. குதிரை திடீரெனத் தலையை உயர்த்தி வீரன் முகத்தில் மோதாதிருக்கக் கழுத்தடியிலிருந்து மூக்குப்பட்டைக்கு ஒரு வார் செல்கிறது. சேணம் பின்னுக்கு நழுவாதிருக்க மார்புவார். பந்தும் கோலும் படாதிருக்க நான்கு கால்களிலும் துணிக்கட்டு. வீரனுக்குத் தலைக்கவசமும் முழங்கால் காப்பும். இவை வெறும் அணிகலன்கள் அல்ல. 1210இல் லாகூரில் சௌகான் ஆடும்போது குதிரை விழுந்து, சேணத்தின் முன்கொம்பு அழுத்தியதால் தில்லி சுல்தான் குத்புதீன் ஐபக் இறந்தார். கருவி காக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். அக்பர் இரவில் ஆடுவதற்காகப் புரச மரத்தில் செய்து தீமூட்டிய பந்தைப் பயன்படுத்தியதாக அபுல்ஃபசல் எழுதியுள்ளார். அம்மரம் எடை குறைந்தது, நெடுநேரம் கனன்று எரிவது என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

இப்பட்டியலைத் தமிழகச் சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் கடிவாளம், மார்புவார், சேணம், அங்கவடி, பிடரி கத்தரித்தல் ஆகியவை பொது. போர்க் குதிரை எங்கிருந்தாலும் இவை இருக்கும். ஆட்டத்துக்கே உரியவை கால்கட்டு, வால்கட்டு, நீள்கோல் ஆகிய மூன்று. இம்மூன்றுக்கும் தமிழ்நூற் சான்றோ சிற்பச் சான்றோ இதுவரை முன்வைக்கப்படவில்லை. மாறாக, தமிழகக் குதிரை மணி, சதங்கை, தலையாட்டம் என ஒலியும் ஒளியும் தரும் அணிகளால் நிறைந்தது. விரைந்து திரும்பும் ஆட்டத்தில் தொங்கும் மணிமாலை இடையூறு. அணிவகுப்பிலும் உலாவிலும் அதுவே சிறப்பு. கருவிகள் எதற்காக என்று கேட்டால் தமிழக வையாளி எத்தகையது என்பதை அவையே சொல்லிவிடுகின்றன.

இதனால் போலோவுக்குச் செண்டாட்டம் என்னும் கலைச்சொல் கூடாது என்பதாகாது. பந்தும் கோலும் வெளியும் ஒரு சொல்லில் அடங்குவதால் அது நல்ல ஆக்கமே. கலைச்சொல்லாக்கம் வேறு, வரலாறு வேறு. இன்று ஆக்கிய சொல்லைக் கொண்டு நேற்றைய ஆட்டத்தை நிறுவுவதுதான் தவறு.

மண்குதிரையும் சிமெண்ட் குதிரையும்

கல்லிலும் ஏட்டிலும் இல்லாத சில செய்திகள் ஐயனார் கோயில் மண்குதிரைகளில் உள்ளன. வேளார் வனையும் குதிரையில் கழுத்துமணி, மார்புப் பட்டை, முகப்பட்டை, முதுகுத்துணி, வாலடிவார் ஆகியவை மண்திரிகளாக ஒட்டப்படுகின்றன. குதிரை வண்டிகளும் சாலையிலிருந்து மறைந்துவிட்ட நிலையில், வார்களின் இடமும் இணைப்பும் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் நிற்பது இத்தொழிலில்தான். ஒவ்வோர் உறுப்பையும் வனைவோர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் கள ஆய்வில் பதிவு செய்வது அகராதியியலுக்கு உடனடிப் பயன் தரும்.

சிமெண்ட் வந்தபின் குதிரைகள் உயர்ந்தன, வண்ணம் கூடியது. வார்கள் பல இடங்களில் வெறும் வண்ணக் கோடுகளாயின. அதைவிட முதன்மையான மாற்றம் தெய்வத்தின் கையில் நிகழ்ந்துள்ளது. பழைய பலகைக்கல்லில் வளைந்த செண்டு இருந்த இடத்தில் புதிய உருவங்கள் பலவற்றில் வாளோ அரிவாளோ இடம்பெறுகிறது. கருவறைக்குள் தேய்ந்த கல் ஐயனார் செண்டோடு இருக்க, வெளியே அவருடைய சிமெண்ட் வடிவம் வாளேந்திக் குதிரைமேல் நிற்கும் கோயில்களும் உண்டு. திருப்பணிகளின்போது பழைய பலகைக்கற்கள் மரத்தடிக்கும் குளக்கரைக்கும் நகர்த்தப்படும் நிலையில், அவற்றிலுள்ள செண்டின் வடிவையும் அளவையும் ஊர்வாரியாக அளந்து ஆவணப்படுத்துவது திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டங்களிலேனும் முதலில் தொடங்கப்பட வேண்டிய பணி.